இசைத்தட்டுச் சேகரிப்பு: பண்டமும் நினைவும்

இசைத்தட்டுக்களைத் தேடித் திரட்டி வைக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலமாக நிலைபெற்று வருவதாகும். ஒலிநாடாவும், 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டும், அதனைத் தொடர்ந்து வந்த இணையவழி இசையும் இவ்வழக்கத்தை இல்லாதொழித்துவிடும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. ஐக்கிய அமெரிக்காவில், 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னர் முதற்றடவையாக, 2020இல் வினைல் தட்டுக்களால் கிடைத்த வருவாய் இறுவட்டுக்களால் கிடைத்த வருவாயை விஞ்சியது. 2022இல் விற்பனையான தட்டுக்களின் எண்ணிக்கையும் இறுவட்டுக்களை முந்தியது. அவ்வாண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 4 கோடி 10 இலட்சம் தட்டுக்கள் விற்கப்பட்டன.

இதற்குப் பொதுவாக இரு விளக்கங்கள் தரப்படுவதுண்டு. தட்டில் ஒலி இயல்பாகவும் நிறைவாகவும் அமைகின்றது என்பது ஒன்று. கழிந்த காலத்தின் மீதான ஏக்கமே காரணம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஓரளவிற்கே பொருந்துவன. இரைச்சலுக்கிடையே குரல் மங்கி ஒலிக்கும் பழைய 78 சுழற்சித் தட்டுக்களையும் பெருவிலை கொடுத்து வாங்குவோர் உளர் என்பதை முதலாவது விளக்கம் கருத்திற் கொள்ளவில்லை. இன்று தட்டு வாங்குவோருட் கணிசமானோர் தட்டின் காலம் முடிந்த பின்னர் பிறந்தவர்கள் என்பதை இரண்டாவது விளக்கம் மறந்துவிடுகின்றது. தாம் வாழாத காலத்தின் மீது ஒருவருக்கு ஏக்கம் ஏற்படுமாயின், அவ்வேக்கம் அவர் வாழும் காலத்தைப் பற்றியே எமக்குக் கூறுகின்றது.

முற்போக்காளர் சிலர் இவ்விடயத்தை ஆராய்வதே வீண் என்பர். சேகரிப்பு என்பது ஓய்வும் வசதியும் உடைய வர்க்கத்தாரின் பொழுதுபோக்கு என்பது அவர்தம் முடிபு. இது பொருள்முதல்வாத ஆய்வன்று. ஆய்வைத் தவிர்க்கும் முறையேயாகும். பண்டம் ஒன்றினை முதலில் நோக்குங்கால் அது எளிமையானதாகத் தோன்றினும் உண்மையில் மிகுந்த சிக்கல் வாய்ந்தது என்பதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்திலேயே விளக்கியுள்ளார். இசைத்தட்டும் அத்தகையதொரு பண்டமே.

1. அரக்கும் குரலும்

1877இல் தோமஸ் எடிசன் அமைத்த ஒலிப்பதிவுக் கருவி உருளையை அடிப்படையாகக் கொண்டது. ஓர் உருளையிலிருந்து பல படிகளை எடுத்தல் தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. 1887இல் எமில் பேர்லினர் காப்புரிமை பெற்ற தட்டை வடிவமே இந்நிலையை மாற்றியது. ஒரு முறை பதிந்ததை உலோக அச்சாக்கிப் பல்லாயிரம் படிகள் எடுக்கும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. ஏட்டுச்சுவடியை அச்சுயந்திரம் எவ்வாறு மாற்றியதோ, அவ்வாறே பாட்டைத் தட்டு மாற்றியது எனலாம். கோயிலிலும் அரண்மனையிலும் கூத்துக்களரியிலும் பாட்டு, பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலான ஒரு சமூக உறவாக விளங்கியது. தட்டின் வருகையுடன் அது கையால் எடுக்கவும் விற்கவும் அடுக்கி வைக்கவும் கூடிய ஒரு பொருளாயிற்று. சேகரிப்பு என்ற செயலின் தோற்றுவாய் இங்கேயே உள்ளது.

அப்பொருள் எதனால் ஆனது என்பதும் மனங்கொளத்தக்கது. வினைலுக்கு முற்பட்ட தட்டுக்களில் கனிமத் தூள்களைப் பிணைத்து நின்ற பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரியிலும் அதனை அடுத்த காட்டுப் பகுதிகளிலும் ஆதிவாசி மக்களின் உழைப்பினால் திரட்டப்பட்ட அரக்கு, கல்கத்தாவினூடாக உலகச் சந்தைக்குச் சென்றது. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெட் கைஸ்பேர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பனியின் சார்பிற் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிந்தார். அப்பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தட்டுக்களாக அச்சிடப்பட்டு, விற்பனைக்காக மீண்டும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. மூலப்பொருள் இந்தியாவினது, குரல் இந்தியாவினது, வாங்குவோரும் இந்தியரே. உற்பத்தியும் இலாபமும் மட்டும் ஐரோப்பாவுக்குரியனவாயின. பருத்தியின் வரலாற்றிற் கண்ட குடியேற்றவாதப் பொருளாதாரச் சுழற்சியே இங்கு இசையின் வரலாறாகவும் அமைந்தது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது உற்பத்தி இடம் மாறியது. மூலதனத்தின் உடைமை மாறவில்லை.

2. தமிழ்க் குரல்கள்

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திற் பதியக்கூடிய நேரம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனைக்கு இது பெருந்தடையாயிற்று. ஆனால் நாடகப் பாட்டுக்கும், பதத்துக்கும், தனிக் கீர்த்தனைக்கும் இவ்வளவு பொருந்தியது. இயந்திரத்தின் எல்லை கலையின் வடிவத்தை வரையறுத்தமைக்கு இது தெளிவான சான்றாகும்.

அக்காலத்திற் சபைகளின் மதிப்பைப் பெற்ற வித்துவான்கள் பலர் தட்டிற் பாடத் தயங்கினர். முன்வந்தோருட் பெரும்பகுதியினர் தேவதாசி மரபில் வந்த பெண்களும் நாடக மேடைக் கலைஞருமாவர். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோரின் குரல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தட்டில் ஏறின. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் பாட்டைத் தட்டின் மூலம் ஊரூராகக் கொண்டு சென்றனர். 1928இல் சென்னையில் மியூசிக் அக்கடமி நிறுவப்பட்டதன் பின்னர், கர்நாடக இசையின் வரலாறு பெரிதும் உயர்சாதி ஆடவர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தமை நாமறிந்ததே. அவ்வெழுத்து வரலாறு ஒதுக்கியதைத் தட்டு ஒதுக்கவில்லை. கம்பனிகளுக்குச் சமூகநீதியில் நாட்டம் இருந்தமையால் அன்று. விற்பனையில் இருந்த நாட்டமே காரணமாகும். எனினும் விளைவு முக்கியமானது. அப்பெண்களின் குரலுக்கு இன்று எஞ்சியுள்ள சான்றுகளுள் நேரடியானது அத்தட்டேயாகும்.

தேசிய இயக்கமும் இக்கருவியைப் பயன்படுத்திக் கொண்டது. மதுரகவி பாஸ்கரதாசின் பாடல்கள் நாடக மேடையிலிருந்து தட்டுக்குச் சென்று, எழுத்தறியாத மக்களிடத்தும் காந்தியின் பெயரைப் பரப்பின. ஏகாதிபத்திய நாட்டின் கம்பனியொன்றே ஏகாதிபத்திய எதிர்ப்புப் பாட்டையும் அச்சிட்டு விற்றது என்ற முரண்பாடு இயங்கியல் நோக்குடையோருக்கு வியப்பளிக்காது.

தட்டு வாணிபம் உள்நாட்டு மூலதனத்தையும் வளர்த்தது. 1932இல் ஏ. வி. மெய்யப்பனும் பங்காளிகளும் சென்னையில் ஆரம்பித்த சரஸ்வதி ஸ்ரோர்ஸ் ஓடியன் தட்டுக்களை விற்றது. முதலாவது தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' அதற்கு முந்திய ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. 1935இல் மெய்யப்பன் 'அல்லி அர்ஜுனா'வைத் தயாரித்தார். தட்டிற் சேர்ந்த வணிக மூலதனம் திரைப்பட மூலதனமாக உருமாறியதை இங்கு காணலாம். பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை தனியார் கைகளில் மாறி மாறிச் சென்று, இறுதியில் மெய்யப்பனை அடைந்ததும் இவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும். மக்கள் கவிஞனின் பாட்டைப் பாடத் தனியாரிடம் அனுமதி பெற வேண்டியிருந்த அந்நிலைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1949இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டது. பாட்டு யாருடையது என்ற வினாவைத் தமிழுலகிற்கு எழுப்பியதில் தட்டுக்கும் பங்குண்டு.

3. கழித்ததைக் காத்தவர்கள்

சேகரிப்பாளனின் பங்கு எத்தகையது என்பதை இனி நோக்குவாம். இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் சிறந்த உதாரணமாகும். 1920இல் மேமி ஸ்மித் பாடிய தட்டொன்று பெருவெற்றி பெற்றதைத் தொடர்ந்து, கறுப்பின மக்களுக்கென்றே தனித் தட்டு வரிசைகளைக் கம்பனிகள் வெளியிட்டன. விஸ்கொன்சினில் நாற்காலி செய்யும் கம்பனியொன்றின் கிளையாக இயங்கிய பரமவுண்ட், சார்லி பட்டன், சன் ஹவுஸ் முதலிய மிசிசிப்பிக் கலைஞரைப் பதிந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் அது மூடப்பட்டது. உலோக அச்சுக்கள் பழைய உலோகமாக விற்கப்பட்டன. 1942இல் யுத்தத் தேவையின் பொருட்டு அமெரிக்க அரசாங்கம் தட்டுற்பத்திக்கான அரக்கைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய வேளை, பழைய தட்டுக்களும் அரக்கை மீட்பதற்காகத் திரட்டி நொறுக்கப்பட்டன.

விற்பனை முடிந்ததும் பண்டத்துக்கு வரலாறு இல்லை என்பதே மூலதனத்தின் கொள்கை. அது கழித்ததைப் பழைய தளபாடக் கடைகளிலும், ஏழைக் கறுப்பின மக்களின் வீட்டு வாசல்களிலும் தேடிப் பெற்றவர்கள் தனிப்பட்ட சேகரிப்பாளரே. அவர்களுள் ஒருவரான ஹரி ஸ்மித் தமது தட்டுக்களிலிருந்து தெரிந்து 1952இல் வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு, அடுத்த தலைமுறையின் எதிர்ப்புப் பாடல் இயக்கத்துக்கு ஊற்றாயிற்று. பட்டனின் பாட்டை இன்று நாம் கேட்பதும் சேகரிப்பாளர் காத்த தேய்ந்த படிகளிலிருந்தேயாகும்.

வால்டர் பென்யமின் 1931இல் தமது நூற்றொகுதி பற்றியும், 1935இல் பாரிஸ் நகர் பற்றியும் எழுதிய கட்டுரைகளிற் சேகரிப்பாளனின் இவ்விரட்டைத் தன்மையை நுண்மையாக உணர்த்தியுள்ளார். சேகரிப்பாளன் பொருளைச் சந்தைச் சுழற்சியிலிருந்து மீட்கின்றான். ஆயின் அதனைத் தன் உடைமையாக்கியே மீட்கின்றான். அமெரிக்கச் சேகரிப்பாளர் பலர் கறுப்பினத்தோரிடமிருந்து சில சதங்களுக்கு வாங்கிய தட்டுக்கள் பின்னாளிற் பெருந்தொகைக்கு விலைபோயின. பாடியவரின் குடும்பத்துக்கு அதிற் பங்கில்லை. சேகரிப்பாளனைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறைத்தலாகாது.

4. பொதுத் தொகுதி

ஈழத்தில் ஒலிபரப்பு தோன்றியதே தட்டின் துணையுடனாகும். 1920களின் முற்பகுதியில் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தில் நடத்திய பரிசோதனை ஒலிபரப்புக்களில் ஒலித்தது கிராமபோன் இசையே. 1925இல் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரையிசை ஒதுக்கப்பட்டபோது, அவ்விடத்தை நிரப்பியது இலங்கை வானொலியின் வர்த்தக சேவை. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தமிழ் மக்களும் தம் பாட்டைக் கொழும்பின் தட்டுக் களஞ்சியத்திலிருந்தே கேட்டனர். ஒரு தட்டு; கேட்போரோ பல இலட்சம். தனியுடைமையாகாத சேகரிப்பு எத்தகைய ஆற்றலுடையது என்பதை எமது சொந்த வரலாறே காட்டியுள்ளது.

5. இன்றைய மறுமலர்ச்சி

1948இல் கொலம்பியா கம்பனி அறிமுகப்படுத்திய, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீள்நேரத் தட்டு வினைலினால் ஆனது. அரக்கின் இடத்தைப் பெற்றோலிய இரசாயனம் பிடித்தது. காட்டுப் பூச்சியையும் அதனை வளர்த்த ஆதிவாசியையும் தட்டுத்தொழில் கைவிட்டது. இன்று மீண்டும் வாங்கப்படுவது பெரும்பாலும் இத்தட்டே.

2008ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தன. ஏப்ரிலில் அமெரிக்கச் சிறு இசைக்கடைகள் இசைத்தட்டுக் கடை நாளை முதன்முறையாகக் கொண்டாடின. ஒக்டோபரில் ஸ்பொட்டிபை என்னும் இணைய இசைச்சேவை ஐரோப்பாவில் ஆரம்பமாயிற்று. இவ்விரண்டையும் தற்செயலான உடனிகழ்வாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மாதந்தோறும் வாடகை செலுத்திக் கேட்போனுக்குப் பாட்டு எதுவும் சொந்தமில்லை. உரிமையாளர் விரும்பின் இன்று கேட்டது நாளை மறையலாம். எல்லாம் கிடைப்பினும் எதுவும் தன்னிடம் தங்காத இந்நிலையில், கையால் தொட்டு, உறையில் பாடியோர் பெயரை வாசித்து, பிறருக்குக் கொடுத்துக் கேட்பிக்கக்கூடிய பொருளை மனிதன் நாடுகின்றான். தட்டின் கவர்ச்சி இந்த இழப்புணர்விற் பிறப்பது. அவ்வுணர்வையும் கம்பனிகள் விலைக்கு விற்கின்றன. வண்ணத் தட்டென்றும் வரையறுத்த பதிப்பென்றும் ஒரே பாட்டைப் பன்முறை விற்பது இதன் மறுபக்கம். எனினும் தேவை பொய்யானதன்று. அதற்குத் தரப்படும் விடையே குறைபாடுடையது.

உண்மையான விடை சேகரிப்பைச் சமூகமயமாக்குதலில் உள்ளது. அதற்கெதிரான தடையும் வெளிப்படையானதே. பழைய 78 சுழற்சித் தட்டுக்களை எண்ணிமப்படுத்தி எவரும் கேட்குமாறு வழங்கிய அமெரிக்க இணைய ஆவணகம் மீது 2023இல் பெரும் இசைக் கம்பனிகள் வழக்குத் தொடர்ந்தன. தாம் ஒரு காலத்திற் கழித்துவிட்டவற்றுக்கே அவை அப்போது உரிமை கோரின. 1949இல் பாரதி பாடலையொட்டி எழுந்த வினா வேறு வடிவில் மீண்டும் எழுந்துள்ளது.

எமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் நினைவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை நாம் கற்றோம். 2005இல் ஆரம்பித்த நூலகம் என்னும் இணையவழித் தொகுதி அச்சிட்ட எழுத்துக்குச் செய்த பணி அப்பாடத்தின் பயனெனலாம். அவ்வளவு முறையான பணி ஒலிக்கும் வேண்டும். நாடகப் பாட்டு, நாதஸ்வரம், கூத்துப்பாட்டு, மெல்லிசை ஆகியன பதிந்த தட்டுக்கள் தனியார் அலுமாரிகளிற் பூஞ்சணம் பிடிக்கின்றன. வைத்திருப்போர் மறைந்ததும் பழைய பொருட்களோடு கழிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இவற்றைப் பட்டியலிடுவதிலிருந்தேனும் தொடங்கலாம். தட்டின் எண், கம்பனி, பாடியவர், பக்கவாத்தியம், கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்தல் பெருஞ்செலவு வேண்டாப் பணி.

தட்டு ஒரு பண்டமாகவே பிறந்தது. அதனுள்ளே அரக்குத் திரட்டிய கையும், பெயரொதுக்கப்பட்ட பெண்ணின் குரலும், தொழிற்சாலைத் தொழிலாளியின் உழைப்பும் உறைந்துள்ளன. சந்தை அவற்றை மறைத்தது. சேகரிப்பாளன் காத்தான், ஆயின் பூட்டி வைத்தான். அப்பூட்டைத் திறந்து அவ்வுழைப்பை உரிய மக்களிடம் சேர்ப்பித்தலே எஞ்சியுள்ள பணியாகும்.