மருத்துவச்சியின் கைகள்

உங்கள் வீட்டில் ஒரு முதியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரு பெண்மணி வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்து, இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போகிறார். உங்கள் வீடுதான் அவருடைய தொழிற்சாலை என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட லத்தீன் நூலில், சுரங்கத் தொழிலாளர், குயவர் முதலியோருடன் மருத்துவச்சிகளுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அந்நாளில் பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கும். துளையிட்ட நாற்காலியில் கர்ப்பிணி அமர்ந்திருப்பாள். மருத்துவச்சி குனிந்து, கைகளை நீட்டியபடியே நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வீடு திரும்பும்போது உடல் ஓய்ந்துபோகும். பிரசவக் கழிவு பட்டுக் கைகளில் அழற்சியும் புண்ணும் உண்டாகும். நோய்க்கு நுண்கிருமிகள் காரணம் என்பது மெய்ப்பிக்கப்பட இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஆயினும் அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்!

அந்தக் கைகளுக்கு உறை வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1889-90 குளிர்காலத்தில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினியான பாதரசக் குளோரைடு கரைசல் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகளைப் புண்ணாக்கியது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக ரப்பர் கையுறைகள் செய்வித்தார். (1890-இல் அவரையே மணந்தும் கொண்டார்!) ஆம், அங்கே கையுறை முதலில் வந்தது நோயாளியைக் காக்க அன்று, செவிலியைக் காக்கவே.

கையுறையையும் ஊசி துளைத்து விடுமே? குருதியோடு ஹெபடைடிஸ்-பி, எய்ட்ஸ் கிருமிகளும் பரவக்கூடும். ஆகவே 1991-இல் அமெரிக்க அரசு ஒரு விதி செய்தது: பணியாளருக்கு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி இலவசம், ஊசி போட உறுதியான பெட்டி, கைகழுவ வசதி. ஆனால் வீடு என்று வந்ததும் சிக்கல் எழுந்தது. நோயாளியின் வீடு முதலாளியின் ஆளுகையில் இல்லை. அங்கே நடப்பதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? 1993-இல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. தடுப்பூசியும் கையுறையும் தந்தாக வேண்டும். ஆனால் அந்த வீட்டில் கைகழுவக் குழாய் உண்டா, ஊசி பெட்டிக்குள் போகிறதா என்பதற்கு முதலாளி பொறுப்பில்லை. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மெத்தை மடிப்பில் கிடக்கும் ஊசிக்கு அது யாருடைய மெத்தை என்று தெரியுமா?

ராமஸ்ஸினி சொன்ன குனிந்த முதுகோ அப்படியேதான் இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியைத் தூக்க இருவர் கைகொடுப்பார்கள்; சில இடங்களில் இயந்திரமும் உண்டு. உங்கள் வீட்டுத் தாழ்ந்த கட்டிலருகே நிற்பவர் அந்தப் பெண்மணி ஒருவரே.