அழுகிய கிழங்கின் சாறு

செடி நோயுற்ற பின்னரே அதன்மேல் பூசணம் தோன்றுகிறது என 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் பலர் எண்ணினர். பூசணமே நோய்க்குக் காரணம் என நிறுவியவருள் முதன்மையானவர் ஜெர்மானியத் தாவரவியலறிஞர் அந்தோன் தெ பாரி (1831–1888) ஆவார். ஆனால் அதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சி நின்றது. பல்லும் நகமும் இல்லாத மெல்லிய பூசண இழை, கிழங்கின் திசுவை எவ்வாறு சிதைக்கிறது?

ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தெ பாரி, ஸ்கிளெரோட்டீனியா என்னும் பூசணத்தால் அழுகிய காரட் கிழங்குகளைப் பிழிந்து சாறெடுத்தார். நலமான கிழங்குத் துண்டுகள் அச்சாற்றில் இளகிச் சிதைந்தன. உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசை கரைந்து, அவை தனித்தனியே பிரிந்தன. சாற்றைக் கொதிக்கவைத்ததும் அவ்வாற்றல் ஒழிந்தது. கொதித்தால் கெடுவது நொதியின் இயல்பன்றோ! பூசணம் தன் உடலுக்கு வெளியே நொதியைச் சுரந்து, உண்ணுமுன்னரே உணவைச் செரிக்கச் செய்கிறது என்பது இதனால் புலனாயிற்று. அச்சாற்றில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதையும் அவர் 1886இல் வெளியிட்ட கட்டுரையில் குறித்துள்ளார். அமிலத்தின் பங்கைப் பிற்காலத்தவர் நெடுநாள் போதிய அளவு மதிக்கவில்லை.

1880 முதல் 1882 வரை இலங்கையில் காப்பி இலைத்துரு நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயர், 1888இல் அல்லிச் செடியைக் கெடுக்கும் பூசணத்தை ஆராய்ந்து, இழை நுனியில் கசியும் துளிகளைக் கண்டார். 1915இல் இலண்டனில் வில்லியம் பிரவுன், போட்ரிட்டிஸ் பூசணத்தின் முளையிழைகளை அரைத்துச் சாறெடுத்தார். அச்சாறு திசுவைப் பிரித்ததோடு உயிரணுக்களைக் கொல்லவும் செய்தது. ஆயினும் ஊறுபடாத இலையின் மேற்றோலைக் கடக்க அதனால் இயலவில்லை! கதவைத் திறப்பது வேறு, வீட்டைக் கொள்ளையிடுவது வேறு என்பது போன்ற வேறுபாடு இது.

சாறு கொல்லும் என்பதனால், நோய்க்கு அந்நொதி இன்றியமையாதது என்று ஆகிவிடாது. மரபணுவை நீக்கிப் பார்க்கும் முறை வந்த பின்னரே இதைச் சோதிக்க முடிந்தது. 1990இல் மக்காச்சோளத்தைத் தாக்கும் பூசணம் ஒன்றில் பெக்டினைச் சிதைக்கும் நொதியின் மரபணுவைச் செயலிழக்கச் செய்தனர். நோயின் கடுமை குறையவில்லை. 1998இல் போட்ரிட்டிசில் அத்தகைய மரபணு ஒன்றை நீக்கினர். தக்காளியில் நோய் வழக்கம்போல் தொடங்கிற்று. அழுகல் பரவுவது மட்டும் மெதுவாயிற்று. மனிதரைத் தாக்கும் கேண்டிடாவிலும் இத்தகைய முரண் உண்டு. புரதம் சிதைக்கும் நொதியின் மரபணுக்களுள் ஒன்றை இழந்த வகைகள், 1997இல் விலங்குகளில் வீரியம் குறைந்து காணப்பட்டன. பின்வந்த ஆய்வாளர் சிலர் அம்முடிவை ஏற்கவில்லை.