வண்டியின் வண்ணமும் பெயரும்

புகைவண்டியின் வரலாற்றை எழுதுவோர் பாதை போட்ட ஆண்டையும், பாலம் கட்டிய ஆண்டையும், என்ஜின் வந்த ஆண்டையும் தவறாது குறிப்பர். வண்டிக்கு என்ன நிறம் பூசினார்கள், அதன்மீது என்ன பெயர் பொறித்தார்கள் என்பதைக் குறிப்போர் சிலரே. ஆயின் நிலைய மேடையில் நின்ற மக்களின் கண்ணில் முதலில் பட்டவை அந்நிறமும் எழுத்துமே அன்றோ? அவை வெறும் ஒப்பனையல்ல. வண்டியை யார் நடத்தினர், யாரைக் கவர நடத்தினர் என்பதற்கு அவையே சான்று.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே புல்மன் கம்பெனியின் பெட்டிகள் பெரும்பாலான தடங்களில் ஒரே கரும்பச்சை நிறத்தில் ஓடின. நிலக்கரிப் புகை படிந்தாலும் எளிதில் தெரியாத நிறம் அது. 1930-களில் பொருளாதார மந்தமும் மோட்டார் வண்டியும் சேர்ந்து பயணிகளைக் குறைத்தன. அப்போதுதான் கம்பெனிகள் ஓவியரை நாடின. 1934-இல் யூனியன் பசிபிக் கம்பெனி மஞ்சளும் பழுப்பும் பூசிய வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் பர்லிங்டன் கம்பெனியின் 'செஃபிர்' சாயமே பூசாத துருப்பிடிக்கா எஃகுடன் வெள்ளிபோல் மின்னி ஓடியது. 1937-இல் சதர்ன் பசிபிக்கின் 'டேலைட்' செம்மை, ஆரஞ்சு, கருமை ஆகிய மூன்று நிறங்களில் வந்தது. அதே ஆண்டில் சாண்டா ஃபே கம்பெனியின் டீசல் என்ஜினுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் லீலண்ட் நிக்கர்பாக்கர் செந்நிற முகம் வரைந்தார். அந்நாட்டுப் பழங்குடித் தலைவர்களின் இறகுத் தலையணியை நினைவூட்டும் வடிவம் அது. ஒரே ஊருக்குப் பல கம்பெனிகள் வண்டி விட்ட நாட்டில் நிறமே கொடியாயிற்று. டீசல் வந்து கரிப்புகை குறையவே, ஒளிமிக்க நிறங்கள் நிலைத்து நிற்கவும் இடம் கிடைத்தது.

மலாயாவின் நிலை வேறு. இங்கு முதல் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகேயுள்ள புக்கிட் கூடா வரை இரண்டாவது பாதை திறக்கப்பட்டது. 1901-இல் இப்பாதைகள் கூட்டு மலாய் மாநில இரயில்வே என ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. பாதையும் வண்டியும் அரசுடைமை. தடத்தின்மேல் போட்டியிட மற்றொரு கம்பெனி இல்லை. ஆகவே வண்டியைக் கொடியாக்க வேண்டிய தேவையும் எழவில்லை. எரிபொருளும் இதற்குத் துணைநின்றது. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியே பல்லாண்டுகள் என்ஜின்களுக்குத் தீனியாயிற்று. கரி எரியும் பாதையில் வெளிர்நிறம் நெடுநாள் வெளிர்நிறமாய் இராது.

எனின் இங்கே கலை எங்கே சென்றது? முதலாவதாகக் கட்டடத்துக்குச் சென்றது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த திட்டப்படி 1910-இல் எழுந்த கோலாலம்பூர் நிலையத்தின் வெண்ணிறக் கூண்டுகளும் வளைவுகளும், வண்டிக்குக் கிடைக்காத அலங்காரத்தை மேடைக்கு அளித்தன. இரண்டாவதாக அது பெயருக்குச் சென்றது. கிளாஸ்கோ நகரின் நார்த் பிரிட்டிஷ் தொழிற்சாலை 1938 முதல் அனுப்பிய பெரிய நீராவி என்ஜின்கள் இந்நாட்டு ஊர்களின் பெயரைத் தாங்கின. அவற்றுள் ஒன்றான 'தெமர்லோ', இருப்புப் பாதையே தொடாத ஊரின் பெயர். பாதை செல்லாத ஊருக்கும் பெயர் மட்டும் பயணம் செய்தது!

நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் டீசல் என்ஜின்கள் வரத் தொடங்கின. மொத்தம் 26. அவற்றுக்கு மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 'புங்கா ராயா' எனும் செம்பருத்தி அவற்றுள் ஒன்று. அம்மலர் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதோ 1960-இல்! அரசாணைக்கு முன்பே மலர் தண்டவாளத்தில் ஓடிற்று எனலாம்.

பெயரைப் பொறுத்துவதும் நிறத்தைப் பூசுவதும் கைத்தொழில்கள். கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் மையப் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே செந்தூலில் அமைந்தது. தொடக்கக் காலப் பெட்டிகள் மரத்தாலானவை. மரமறுப்போர், தச்சர், கொல்லர், சாயம் பூசுவோர் என அங்கு உழைத்தோருள் தமிழர் பெருந்தொகையினர். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் வண்டியை நடத்த, செந்தூல் தமிழர் அதைச் செப்பனிட்டனர். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி அப்பட்டறையின் பெரும்பகுதியை அழித்தன. போருக்குப்பின் அது மீண்டும் எழுந்தது. பின்னர் பணி வேறிடம் பெயர்ந்தது. மரமறுத்த பழைய கட்டடம் 2005 முதல் நாடக அரங்காக விளங்குகிறது.

அண்மைக் காலத்தில் நிறமே வணிகமான வண்டியும் இம்மண்ணில் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூரையும் பாங்காக்கையும் இணைத்து 1993-இல் தொடங்கிய 'ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல்' சொகுசு வண்டி கரும்பச்சையும் பாலேட்டு நிறமும் பூண்டது. அதன் பெட்டிகள் நியூசிலாந்தின் 'சில்வர் ஸ்டார்' வண்டிக்காக ஜப்பானில் செய்யப்பட்ட எஃகுப் பெட்டிகள். எஃகின் வெள்ளியொளி ஒரு காலத்தில் புதுமையின் அடையாளம். அதையே மறைத்துப் பழமையின் தோற்றத்தைப் பூசியது பிற்காலம். கிள்ளான் பள்ளத்தாக்கின் கொம்யூட்டர் வண்டிகளில் 2010-இல் பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியை இளஞ்சிவப்பு அடையாளம் காட்டியது. இங்கே நிறம் விளம்பரமன்று, காவல்.

இவ்வரலாற்றில் ஓர் இடர் உண்டு. என்ஜினின் எண்ணும் ஆண்டும் ஏட்டில் நிற்கும். நிறமோ, அடுத்த பூச்சு விழுந்தவுடன் அதன் அடியில் மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அதைக் காட்டாது. பூசியவர் பெயரை எந்தப் பலகையும் தாங்கியதில்லை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டறைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தந்தையின் சட்டையில் ஒட்டிவந்த சாயம் என்ன நிறம் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது, தமிழாசிரியர் தம் மாணவரைக்கொண்டு செய்யத்தக்க எளிய ஆராய்ச்சி. இத்தலைமுறை மறைந்தபின் அதற்கு விடை கூற எவரும் இரார்.