வைஃபை மீளனுப்பி

வைஃபை மீளனுப்பி அல்லது ரிப்பீட்டர் என்பது, வீட்டிலுள்ள ரவுட்டரின் வானலைச் சமிக்ஞையைப் பெற்று மீண்டும் அனுப்பும் கருவியாகும். தொலைவாலும் சுவர்களாலும் சமிக்ஞை நலிவடைகிறது. 2.4 கிகாஹெர்ட்சு அலைகளைவிட 5 கிகாஹெர்ட்சு அலைகள் சுவர்களில் அதிகம் நலிவடைகின்றன.

அமைவிடம்

சமிக்ஞை எட்டாத அறையிலேயே இக்கருவியை வைப்பது பயன் தராது. தான் பெறாத தரவை அதனால் அனுப்ப இயலாது. அங்கு கைப்பேசியின் குறிகாட்டி முழுமையாகத் தெரிந்தாலும் இணையம் மெதுவாகவே இயங்கும். ரவுட்டருக்கும் அவ்வறைக்கும் இடையில், சமிக்ஞை நன்கு கிடைக்கும் இடத்தில் இதனை வைத்தல் வேண்டும்.

குறைபாடு

ஒரே அலைவரிசையில் பெறுதலையும் அனுப்புதலையும் மாறிமாறிச் செய்யும் மீளனுப்பியில் தரவு வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஈதர்நெட் வடத்தால் ரவுட்டருடன் இணைக்கப்படும் அணுகு புள்ளியில் இவ்விழப்பு ஏற்படுவதில்லை.