கொல்லிமலைச் சரளை மண்ணும் சாமையும்

பெருவளை வாய்க்கால் பாயுற சமயபுரத்து நமக்குத் தண்ணி நின்னாத்தான் வயல். கொல்லிமலையில் அப்படி இல்லை. பாறை நொறுங்கிய சரளை, செங்குத்தான சரிவு, சுத்தி காடு. மழை விட்டதும் தண்ணி வடிஞ்சிடும். சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை அது.

அந்த மண்ணுக்கு ஏத்தது சாமை, ராகி, தினை. சாமையிலேயே கட்டவெட்டி, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என்று மலையாளி மக்கள் பல வகை வைத்திருந்தார்கள். பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது. கையில் காசு பார்த்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழங்கு பிடுங்கும்போது சரிவு மண் இளகி, மழையோடு இறங்கும். ஆகாயகங்கையில் விழுகிற ஐயாறும் நம்ம திருச்சி மாவட்டத்துக்குத்தான் வருது.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணம் உலக்கை. உமி போக இடித்துப் புடைக்கிறதுக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இதை ஆம்பளைங்க எழுதுற வரலாற்றில் நான் பார்த்ததில்லை!

1990களிலிருந்து அங்கே வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் இயந்திரங்களைச் சுய உதவிக் குழுக்களிடமே கொடுத்தது. இடிக்கிற வேலை போச்சு. சாமை அரிசி, ராகி மால்ட் எல்லாம் பாக்கெட் போட்டு விற்றார்கள். அப்புறம் அவர்களும் நம்மைப் போலக் கூட்டமைப்பு ஆனார்கள்.

நம்ம சத்துமாவுக்கு வேண்டிய தானியத்தை அவங்ககிட்டயே நேரா வாங்கலாம்னு மாதக் கூட்டத்தில் சொல்லியிருக்கேன். வண்டிக்கூலிக் கணக்கு மட்டும் பாக்கி.