சங்கிலியும் பதிவேடும்: தாம்பரம் வட்டாரத்தில் நில அளவையும் பஞ்சமி நிலமும்

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்ப்டன் தம் அளவைப் பணியைத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு, 100 அடி எஃகுச் சங்கிலியால் 57 நாள்களில் அளக்கப்பட்டது. பின்னாளில் இமயம் வரை நீண்டு எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணித்த மாபெரும் முக்கோண அளவைக்கு இதுவே தொடக்கம். சிட்லபாக்கம் இந்தக் கோட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோட்டின் தென்முனையான பெரும்பாக்கத்திலோ, சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள் இன்று நிற்கின்றன. அவர்களில் கணிசமானோர் தலித்துகள் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடக்க முடியாது.

முக்கோண அளவை ஓர் ஊர் எங்கே உள்ளது என்பதைச் சொல்லும். நிலம் யாருடையது என்பதைச் சொல்லாது. அதைப் பதிந்தது வருவாய் அளவை. சென்னை மாகாணத்தில் 1858 முதல் இதற்கெனத் தனித்துறை இயங்கியது. 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒன்று ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. மனை விளம்பரங்களில் இன்றும் புழங்கும் கணக்கு இதுதான். ஒவ்வொரு புலத்துக்கும் எண் இட்டு, கல் நட்டு, புலப்படம் வரைந்தனர். அளவு பெரும்பாலும் துல்லியமானது. சிக்கல் அடுத்த கட்டத்தில், பதிவேட்டில் பெயர் எழுதும் இடத்தில் தொடங்கியது.

எல்லைத் தகராறுகளில் சேரியைச் சேர்ந்த ஊர்ப்பணியாளரின் சாட்சியத்தை ஊர் ஏற்றுக்கொண்டது என்பதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பதிவுகளிலேயே காணலாம். எல்லையை அறிந்தவர் பெயரில் நிலம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதார்களுக்கே முன்னுரிமை இருந்ததால், தரிசு நிலம் கேட்டு ஒடுக்கப்பட்டோர் அளித்த தர்க்காஸ்து மனுக்கள் முடக்கப்பட்டன. சேரி மனைகளுக்கும் அவர்களே உரிமை கோரினர். கேட்டவரை வீட்டைவிட்டே விரட்ட அது போதும்.

மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்த நிலையை விரிவாக எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என நாம் அழைப்பது இதையே. முதல் பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மீறினால் அரசு நிலத்தைத் திரும்பப் பெறலாம். இன்றைய தாம்பரம் வட்டாரம் அன்று ட்ரெமன்ஹீரின் மாவட்டத்துக்குள் இருந்ததை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நிலத்தைப் பறிக்க எப்போதும் அடியாள் தேவைப்படுவதில்லை. ஒரு குறிப்பை நகலெடுக்காமல் விட்டாலே போதும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பழைய 'அ' பதிவேட்டின் விவரங்கள் புதிய பதிவேடுகளுக்கு மாற்றப்பட்டன. ஒடுக்கப்பட்டோருக்கான ஒப்படை என்ற குறிப்பு பல இடங்களில் அப்போது விடுபட்டது. அனுபவத்தில் இருந்தவர் பெயர் பட்டாவில் ஏறியது. கணினிச் சிட்டா அந்தப் பதிவிலிருந்தே உருவானது. புறநகரில் இதன்மேல் இன்னோர் அடுக்கும் உண்டு: நகர நில அளவை பழைய புல எண்ணை மாற்றி, வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புதிதாகத் தரும். சிட்லபாக்கம் முதலான ஊர்கள் 2021இல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயின. இங்கே ஒரு மனையின் வேரைத் தேடுவோர் எண்களின் வழியே பின்னோக்கி நடக்க வேண்டும்.

எனவே இணையத்தில் கிடைக்கும் பட்டாவோடு நிற்க வேண்டாம் என்பதே நம் முதல் அறிவுரை. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல், திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தனித்தனியாகக் கேளுங்கள்; வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையிடம் பெறுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லை என்றால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பட்டா உரிமை மூலம் அன்று; அளவையும் எல்லையைத்தான் தீர்மானிக்கிறது, உரிமையை அன்று. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியுள்ளன.

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டனர். கர்நாடகம் இதற்கு முன்பே, 1978இல், ஒப்படை நிலங்களை மீட்கத் தனிச்சட்டம் இயற்றியிருந்தது. அதை 1984இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. தமிழ்நாடு இன்னமும் வருவாய் வாரிய நிலை ஆணையையும் ஒப்படை நிபந்தனையையும் மட்டுமே நம்பி நிற்கிறது.

மறு அளவை நடக்கும் பகுதிகளில் உள்ள தோழர்கள் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923ஐ அருகில் வைத்திருக்க வேண்டும். அளவை முடிந்ததாகப் பிரிவு 13இன் கீழ் அறிவிக்கை வந்துவிட்டால், எல்லையை எதிர்த்து உரிமையியல் வழக்குத் தொடரப் பிரிவு 14 தரும் காலம் மூன்றாண்டுகள் மட்டுமே.