வெள்ளைத் திட்டுக்கு ஒரு வரலாறு

குதிரை வாங்கப் போனால் நம் ஆட்கள் சுழி பார்ப்பார்கள், அப்புறம் பல்லைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில், முக்கியமாக டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு காலத்தில் வெள்ளையைப் பார்த்தார்கள். வெள்ளை எதுவரை ஏறியிருக்கிறது என்பதை வைத்தே குதிரையின் விலை நின்றது.

அந்தக் கண்டத்தில் குதிரை இனம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. 1519-ல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினார். பின்னால் வந்தவர்கள் இன்னும் கொண்டுவந்தார்கள். அவற்றின் வழிவந்தவை சமவெளியெங்கும் பரவின. திட்டுத்திட்டான குதிரை என்றால் கொமாஞ்சி மக்களுக்குக் கொள்ளை ஆசை.

1940-ல் குவார்ட்டர் குதிரைச் சங்கம் ஏற்பட்டது. கால் மைல் ஓட்டத்தில் பெயர்பெற்ற இனம் என்பதால் அந்தப் பெயர். அளவுக்கு மீறி வெள்ளை இருந்தால் பதிவு கிடையாது என்று சங்கம் விதி வைத்தது. தாயும் தகப்பனும் பதிவான குதிரைகளாக இருந்தாலும், குட்டி வயிற்றில் வெள்ளைத் திட்டோடு பிறந்தால் தீர்ந்தது. பத்திரம் இல்லாத குட்டிக்கு ஏது விலை? காதும் காதும் வைத்தாற்போல அக்கம்பக்கத்தில் தள்ளிவிட்டவர்கள் உண்டு. வேலைக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. என்னைக் கேட்டால், அந்த விதி நல்ல மாடு மேய்க்கும் குதிரைகளுக்குச் செய்த அநியாயம்.

ரெபெக்கா லாக்ஹார்ட் என்ற டெக்சாஸ் பெண்மணியும் அவர் கூட்டாளிகளும் 1962-ல் இவற்றுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். 1965-ல் அது இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து அமெரிக்கப் பெயிண்ட் குதிரைச் சங்கம் ஆயிற்று. பழைய சங்கமும் 2004-ல் வெள்ளை விதியைக் கைவிட்டது.

இதில் ஒரு சங்கதியைக் கவனமாகக் கேட்க வேண்டும். திட்டுகளில் டோபியானோ என்று ஒரு வகை. அதனால் கெடுதல் இல்லை. ஃப்ரேம் ஓவரோ என்பது வேறு. அதன் மரபணு ஒரு பங்கு இருந்தால் குதிரை திடமாகத்தான் இருக்கும். தாய் ஒன்று, தகப்பன் ஒன்று என இரண்டு பங்கு சேர்ந்துவிட்டால் குட்டி பால்வெள்ளையாகப் பிறக்கும். குடலில் நரம்பணுக்கள் இருக்காது. சாணம் இறங்காமல் வயிற்றுவலியில் துடித்துச் சில நாளில் செத்துப்போகும். இப்படிப்பட்ட ஜோடியை இணைத்தால், ஒவ்வொரு ஈற்றிலும் இதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். தெரியாது! மரபணுவைச் சுமக்கும் சில குதிரைகளுக்கு முகத்தில் மட்டும் வெள்ளை இருக்கும், உடம்பில் ஒரு திட்டுகூட இராது. விற்கிற பக்கத்துப் பண்ணைக்காரர் யோக்கியரானாலும், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 1998-ல் இந்த மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். பிடரி மயிரை வேரோடு பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும், விடை வந்துவிடும்.

அதனால் அங்கே இனவிருத்திக்குப் பெட்டைக் குதிரை வாங்குகிறவர், பதிவுப் பத்திரத்தோடு இந்தச் சோதனைச் சீட்டையும் கேட்கிறார். பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து, பெயர் மாற்றப் படிவத்தில் அங்கேயே கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். சோதனையில் ஒரு பங்கு இருப்பதாக வந்தாலும் குதிரையை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த மரபணு இல்லாத பொலிகுதிரையோடு சேர்த்தால் குட்டிகளில் பாதி அதைச் சுமக்கலாம். ஆனால் இந்த நோயால் ஒன்றுகூடச் சாகாது.